உம்மா தந்த உமிழ்நீர்

மக்காவின் சம்சம் தண்ணீரில் நனைத்த பஞ்சை றம்லா மாமி உம்மாவின் வாயருகே கொண்டுபோனதும், உம்மா உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வேணாமாம் மாமி. அரை மணித்தியாலம் போகணும்," என்றாள் மகள் றிஸ்லா.

"என்ன புள்ள கதைக்காய்? சக்கராத்துல, உசிரு போற நேரத்துல கிடக்கிறவக்குத் தண்ணி குடுக்காம வெச்சிரிக்காய். எச்சிலுக்காகவா?"

மாமி, வாப்பாவுக்கு மூத்த ராத்தா. வாப்பா மௌத்தாகிப் பத்து வருடமாகியும் மாவடிப்பள்ளியில் அந்த வீட்டில் அவர் பேச்சை யாரும் தட்டியதில்லை. ஆனாலும் றிஸ்லா கையிலிருந்த, கோடு போட்ட சின்னப் பிளாஸ்டிக் குழாயைக் கீழே வைக்கவில்லை.

அது ஆஸ்பத்திரியில் டொக்டர் விதுஷா கொடுத்தது. போன வருடம் வயிற்றில் பிள்ளை தங்கியபோது றிஸ்லா மூன்று மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தாள். ஒரு மிடறு தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. சேலைன் ஏற்றி ஏற்றி இரண்டு கைகளிலும் நரம்பு அகப்படாமல் போயிற்று. பிள்ளையும் போயிற்று. 'இது உங்கட மனசுல வந்த வருத்தம் இல்ல, உடம்புல வந்த நோய்' என்று முதன்முதலில் சொன்னவர் விதுஷாதான். கருவோடு ஊறும் ஒரு ஹோர்மோனைச் சில உடம்புகள் தாங்குவதில்லையாம். அது தாய்வழியாக வருகிறதா என்று ஆராய்கிறார்கள். தாய்க்கும் மகளுக்கும் அந்த வருத்தம் வந்திருந்தால், இருவருடைய உமிழ்நீரும் வேண்டும்.

உம்மா, கேட்ட அன்றே சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைத்தார்.

"நான் கிடந்த கிடைய ஒருத்தரும் நம்பல்ல மகள். அதையும் எழுதிக்கோ."

உமிழ்நீர் எடுப்பதற்குள் உம்மாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் முயன்றும் காய்ந்த வாயில் ஒன்றும் ஊறவில்லை. தண்ணீர் பட்டு அரை மணித்தியாலத்துக்குள் எடுத்தால் அது பயன்படாது. 'கஷ்டப்படுத்த வேணாம், முடியாட்டி விடுங்க' என்று விதுஷா போனில் சொன்னார். விடாதவர் உம்மாதான்.

"உம்மா, தண்ணி தரட்டா?" றிஸ்லா குனிந்து கேட்டாள்.

உம்மா தலையசைத்து மறுத்தார். விரலைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

றிஸ்லாவுக்கு விளங்கியது. எச்சில் ஊறுவதற்காக, டொக்டர் காட்டித் தந்தபடி காதோரத்திலிருந்து தாடை வரை மெல்லத் தடவினாள். மாமி கோபம் அடங்காத குரலில் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதத் தொடங்கினார். ஓதி முடித்து, மறுபடியும் ஓதினார். முதல் துளி குழாய்க்குள் நூலாக இறங்கியது. குழாயின் கோட்டைத் தொட முக்கால் மணித்தியாலம் ஆயிற்று.

மூடியைத் திருகியதும் உம்மா தானாகவே வாயைத் திறந்தார். மாமி ஓடிவந்து பஞ்சைப் பிழிந்தார். உம்மா விழுங்கினார்.

தம்பி அர்ஹம் குழாயை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனான். அவன் திரும்பி வந்த பிறகு, அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னே, மாமி காதருகில் கலிமாச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உம்மாவின் மூச்சு நின்றது.

மாமிதான் குளிப்பாட்டினார். றிஸ்லா தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் காலை, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொஞ்சம் குறைந்த நேரம், றிஸ்லா ஆய்வுப் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள். மாமி வந்து பின்னால் நின்றார்.

"என்ன எழுதுறாய்?"

"உம்மா எத்தின தரம் புள்ளத்தாச்சியா இரிந்தா எண்டு கேட்டிரிக்காங்க."

"எத்தின போட்டாய்?"

"ஆறு. நாங்க ரெண்டு பேர், கலைஞ்சது நாலு. உம்மாதான் சொன்னா."

மாமி குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார்.

"ஏழு," என்றார்.

றிஸ்லா திரும்பினாள்.

"எல்லாத்துக்கும் மூத்தது ஒண்ணு. அஞ்சு மாசம். திண்டதெல்லாம் சத்தி எடுத்து எடுத்து எழும்ப ஏலாமக் கிடந்தா. நடிக்கா எண்டு நான்தான் சொன்னன். ஆஸ்பத்திரிக்கிக் கொண்டுபோக விடல்ல." மாமி முந்தானையால் வாயைத் துடைத்தார். "துணியில சுத்தி எடுத்ததும் நான்தான். அவ அத உனக்கிட்டச் சொல்லியிரிக்க மாட்டா."

உள்ளே யாரோ தேநீர்க் கோப்பைகளைக் கழுவும் சத்தம் கேட்டது. றிஸ்லா ஆறை வெட்டிவிட்டு ஏழு என்று எழுதினாள். அடுத்த கேள்வியில் பேனை நின்றது.

"அந்தத் தரம் சத்தி எத்தினாம் மாசத்துல தொடங்கின மாமி?"

"எழுது, சொல்றன்," என்ற மாமி ஒரு கதிரையை மேசையருகே இழுத்துப் போட்டார்.