சாப்பாட்டுப் படி

"லண்டன்ல சாப்ட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லும்மா" என்று கேட்டார் வரி வக்கீல் நைனா முகமது.

விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேருக்குச் சிரித்த முகமாய்ச் சாப்பாடு கொடுத்த ஜெயமேரி, இப்போது தலை கவிழ்ந்தாள். பக்கத்தில் அப்பா இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தார்.

"சம்பளத்துக்கு வரி புடிச்சாச்சு. லண்டன்ல தங்குற நாளுக்குக் கம்பெனி குடுக்குற படிதான் இப்பக் கேள்வி. செலவழிச்சிருந்தா வரி கிடையாது. மிச்சம் புடிச்சிருந்தா அது வருமானம், வரி உண்டு" என்றார் வக்கீல்.

இஞ்ஞாசி நிமிர்ந்தார். "இவளாவது, செலவழிக்கிறதாவது! படிக்காசக் கலைக்காம அப்படியே அனுப்பிருவா, வக்கீல் பாய். நம்ம கெணறு இம்புட்டு ஆழம் எறங்குனது யாரால? ஒம் மக பறக்குறாளா, கெணறு வெட்டுறாளான்னு பக்கத்துக் காட்டுக் கருப்புசாமி கேக்குறான்."

"அப்ப சோத்துக்கு?"

"சோறு போட்டுத்தான படி அளப்பாக? நம்ம காட்டுல களையெடுக்க வாரவளுக்கே மத்தியானம் கஞ்சி ஊத்திட்டு, பொழுது சாயத்தான் படிய அளந்து விடுறோம். பொம்பளப்புள்ள அம்புட்டுத் தூரம் போறா, கம்பெனிக்காரன் வெறும் வயித்தோடயா விடுவான்?"

வக்கீல் பேனாவை மூடினார். "இஞ்ஞாசியண்ணே, அது தானியம் அளக்குற படி இல்ல. அங்க யாரும் சோறு போட மாட்டாங்க. சோறு வாங்கித் திங்கக் குடுக்குற காசுக்குத்தான் படின்னு பேரு."

வேலைக்குச் சேர்ந்த புதிதில், படியும் தருகிறார்கள் என்று ஜெயமேரி ஊருக்கு எழுதியிருந்தாள். படியை அனுப்பு, கிணறு இறக்க வேண்டும் என்று பதில் வந்தது. அப்பா தப்பாகப் புரிந்துகொண்டார் என்று அவளுக்கு அப்போதே தெரியும். விளக்கிச் சொன்னால் கிணற்று வேலை நின்றுவிடும். அதனால் விமானத்தில் மிஞ்சிய ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போவாள். விடுதி அறையில் குழாய்த் தண்ணீரோடு அதுதான் இரண்டு வேளைக்கும்.

"என்ன தாயி சொல்றாரு இவரு?" என்றார் இஞ்ஞாசி.

"ஒண்ணுமில்லய்யா. நான் நல்லாத்தான் சாப்ட்டேன்."

"சாப்ட்டேன்னா செலவுன்னு எழுதணும். காசு வீட்டுக்கு வந்துருச்சுன்னு அப்பா சொல்றாரு. பொய்க்குக் கையெழுத்து வாங்க மாட்டேன்மா. எதை எழுதட்டும்?" என்றார் வக்கீல்.

வெளியே கடைவீதியில் யாரோ பூக்கூடைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயமேரி முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"மிச்சம்னே எழுதுங்க, பாய். வரியக் கட்டிர்றேன்."

"எல்லாமேவா? சாப்பாட்டுக்குன்னு ஒரு காசு கூட எடுக்கலையா?"

"எல்லாமே."

இஞ்ஞாசி எழுந்தார். மகளைப் பார்க்கவில்லை, வக்கீலுக்குக் கும்பிடும் போடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு கடைவீதி வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.