கடைசி அறையில் ஒரு நிக்காஹ்

"ரப்பர் கையுறை போட்டவன் கையில என் பொண்ண ஒப்படைக்க மாட்டேன். நான் என்ன, மீனையா விக்கிறேன்?"

ஹாஜி ஷிஹாத்தாவின் தொண்டையிலிருந்த குழாயை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். குரல் கரகரத்தாலும் பிடிவாதத்தில் ஒரு குறையும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற நர்ஸ் இன்ஷிராஹ், சிரிப்பை முகக்கவசத்துக்குள் ஒளித்துக்கொண்டாள். தும்யாத் துறைமுக நகரின் அந்த மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

ஹாஜி படகு வைத்துத் தொழில் செய்தவர். படகின் மேல்தளத்தில் வழுக்கி விழுந்து விலா எலும்பு முறிந்து வந்தார். வந்த இடத்தில் நுரையீரலில் ஒரு கிருமி புகுந்துகொண்டது. எந்த மருந்து கொடுத்தாலும் அசையாத கிருமி. அங்கே வேலை பார்ப்பவர்கள் அதற்குப் 'பழைய வாடகைக்காரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தாத்தா காலத்து வாடகையைக் கொடுத்துக்கொண்டு, வீட்டைக் காலி பண்ணவே மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பானே, அவன்தான். கடைசியாக மிச்சமிருந்த ஒரு மருந்து அல்லாஹ்வின் கிருபையால் கேட்டது. ஹாஜி பிழைத்தார். ஆனால் வாடகைக்காரன் அவர் தோலிலும் தொண்டையிலும் இன்னும் குடியிருந்தான். அவரை இப்போது ஒன்றும் செய்யவில்லை. அவர் கையிலிருந்து இன்னொரு கைக்குத் தாவி, அங்கிருந்து பக்கத்துக் கட்டிலுக்குப் போனால்தான் ஆபத்து. ஹாஜி இருந்த கடைசி அறைக்கு வெளியே, பக்கத்துக் கட்டிலில், பிள்ளை பெற்று ரத்தமெல்லாம் போன ஒரு இளம்பெண் மூச்சுக் கருவியின் தயவில் படுத்திருந்தாள். இந்தக் கிருமியை அவள் உடம்பு தாங்காது.

இதற்கு நடுவில்தான் ஹாஜியின் ஒரே மகள் நஜ்லாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை லுத்ஃபி, படகு எஞ்சின் மெக்கானிக். சனிக்கிழமை கப்பலேறினால் திரும்பி வர ஆறேழு மாதமாகும். அதனால் வியாழக்கிழமையே முடித்துவிட வேண்டும். முடிப்பதென்றால் பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையும் வலது கையை வலது கையோடு கோத்துக்கொள்ள வேண்டும். கைக்கு மேல் வெள்ளைக் கைக்குட்டை போர்த்தி, நிக்காஹ் நடத்திவைக்கும் ஷேக் வாசகம் சொல்லுவார்.

"பொண்ணுக்குப் பெரியப்பா ஒருத்தர் இருக்காரே, அவர் கைகோத்துட்டுப் போகட்டும், மிஸ் இன்ஷிராஹ். மார்க்கத்துல அதுக்கு இடமிருக்கு," என்றார் டாக்டர் மித்ஹத். அந்தப் பிரிவின் தலைவர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணமாகாதவர். தினமும் மதியம் அவருடைய உம்மா போனில் அழுவது பிரிவு முழுக்கத் தெரியும்.

"இடமிருக்கு டாக்டர். பொண்ணு மனசுல இடமில்லையே. வாப்பா உயிரோட இருக்கறப்போ இன்னொருத்தர் கையா, கப்பல் போனா போகட்டும்கிறா."

"அப்போ கையுறை."

"அதுக்குத்தான் இவர் மாட்டேங்கிறார்."

இன்ஷிராஹ் மறுபடி ஹாஜியிடம் போனாள். "ஹாஜி, மெல்லிசுக் கையுறைதான். போட்டதே தெரியாது."

ஹாஜி கண்ணை மூடிக்கொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இங்க வந்ததுலேருந்து என்னைத் தொட்டதெல்லாம் ரப்பர்தாம்மா. நீங்க எல்லாரும் நல்லவங்க. தாங்கினீங்க, புரட்டிப் போட்டீங்க, குளிப்பாட்டினீங்க. எல்லாம் ரப்பர். எம் பொண்ணக் கட்டிக்கப் போறவன் கை சூடா இருக்கா, நடுங்குதா, ஒண்ணும் தெரியாம எப்படிக் குடுப்பேன்?"



மதியம் லுஹர் தொழப் போனபோதும் அந்தப் பேச்சு அவளைவிட்டுப் போகவில்லை. தொழுகைக்காக ஒளூ செய்து கழுவிய கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிருமிக்குக் காலில்லை, இறக்கையில்லை. மனிதன் சுமந்தால்தான் அதற்குப் பயணம். தொடுவதால் வருகிற கெடுதலைவிட, தொட்ட பிறகு மறந்துபோவதால் வருகிற கெடுதல்தான் அவள் பார்த்தவரை அதிகம். படைத்தவன் கையையும் கொடுத்தான், கழுவத் தண்ணீரையும் கொடுத்தான். இரண்டில் ஒன்றை ஏன் கைவிட வேண்டும்?

நேரே டாக்டரிடம் போனாள். "வெறுங்கையாவே கோக்கட்டும். எல்லாரும் மேலங்கி போட்டுக்கட்டும். உள்ள போற கையையும் வெளிய வர்ற கையையும் நான் பார்த்துக்கறேன். ஒரு கைகூடக் கழுவாம வாசலத் தாண்டாது."

"நம்ம ஜனங்களப் பத்தித் தெரியாதா உங்களுக்கு? நிக்காஹ் முடிஞ்ச நிமிஷம் மாப்பிள்ளை மேல விழுந்து கட்டிப்பிடிப்பாங்க. பக்கத்துல அந்தப் பொண்ணு கிடக்கறா, மிஸ்."

"அவள நினைச்சுத்தான் டாக்டர், நானே வாசல்ல நிக்கறேங்கறேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி. நானும் நிக்கறேன். உங்கள நம்பறேன், உங்க விருந்தாளிங்களத்தான் நம்பல."

வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கண்ணாடிச் சுவருக்கு வெளியே, ஹாஜியின் ஊரான புர்ஜ் மீன்பிடித் துறையே திரண்டு நின்றது. கொண்டுவந்த முஷப்பக் இனிப்புத் தட்டுகளை இன்ஷிராஹ் வாங்கி, ஊழியர் அறைக்கு அனுப்பிவிட்டாள். எழுத்து வேலையும் கைரேகை வைப்பதும் வெளி வராந்தாவிலேயே முடிந்தன. பிறகு மாப்பிள்ளையைத் தண்ணீர்க் குழாயடியில் நிறுத்தினாள்.

"நகத்துக்கு அடியில என்ன இது?"

"எஞ்சின் எண்ணெய், மிஸ். அது போகாது. அது என் தொழில்."

"தொழில இங்க வச்சிட்டு உள்ள போ. தேய், நல்லாத் தேய்!"

லுத்ஃபியின் அத்தை கண்ணாடியோரம் நின்று முறைத்தாள். "ஏம்மா, நிக்காஹ் முடிஞ்சதும் பிள்ளைக்கு ஒரு முத்தம் குடுக்கக் கூடாதாமே? அவன் என்ன சுடற அடுப்பா?"

"கை கழுவற வரைக்கும் அடுப்புதான் அத்தை. கழுவின பிறகு நூறு முத்தம் குடுங்க, நானே எண்ணிச் சொல்றேன்."

உள்ளே ஹாஜியைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். லுத்ஃபி எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். ஹாஜி அதைப் பற்றினார். உடனே அழுத்தவில்லை. விரல்களால் தடவிப் பார்த்தார், மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல. பிறகு கட்டைவிரலைக் கட்டைவிரலோடு சேர்த்து இறுக்கினார்.

"நடுங்குது," என்றார்.

"பயமாயிருக்கு மாமா."

"இருக்கட்டும். பயப்படறவன் பத்திரமாப் பார்த்துப்பான்."

ஷேக் பய்யூமி வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்தி வாசகத்தை ஆரம்பித்தார். ஹாஜி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றைக்கூட விழுங்காமல். "ஏற்றுக்கொண்டேன்" என்று லுத்ஃபி சொன்னதும், மேலங்கியும் தொப்பியுமாக முட்டைக்கோஸ் போல நின்ற நஜ்லா ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். கண்ணாடிக்கு வெளியே பெண்கள் குலவையிட்டார்கள். சத்தம் கண்ணாடி வழியே மெலிந்துதான் வந்தது. 

அப்போதுதான் அது நடந்தது. ஷேக் பல வருடப் பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்து உயரத் தூக்கினார். அதை முதலில் பறிக்கிற கன்னிக்கோ பிரம்மச்சாரிக்கோ அடுத்த கல்யாணம் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்ஷிராஹ் வாய் திறப்பதற்குள் வாசலிலிருந்து ஒரு கை நீண்டது. கைக்குட்டையை வெடுக்கென்று பறித்தது.

டாக்டர் மித்ஹத்தின் கை. கையுறை இல்லாத கை.

வெளியே குலவை நின்றுபோனது. டாக்டருக்கே தான் செய்தது விளங்கவில்லை. துணியைப் பிடித்தபடி சிலையாக நின்றார். காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"அசையாதீங்க டாக்டர்!" என்றாள் இன்ஷிராஹ். "மூக்கத் தொடாதீங்க, கதவத் தொடாதீங்க!"

ஹாஜிதான் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. நஜ்லா முதுகைத் தாங்கிக்கொண்டாள். வெளியே துறை முழுதும் வெடித்துச் சிரித்தது. "டாக்டருக்கு ஒரு பொண்ணு பாருங்கடி!" என்று அத்தை கண்ணாடியில் தட்டினாள்.

இன்ஷிராஹ் கைக்குட்டையை, கிருமி பட்ட துணிகளுக்கான மஞ்சள் பைக்குள் போடவைத்து, முடிச்சுப் போட்டாள். மேலங்கிகளைக் கழற்றவைத்தாள். குழாயடியில் மாப்பிள்ளை, ஷேக், நஜ்லா, டாக்டர் நான்கு பேரும் வரிசையாக நின்று முழங்கைவரை நுரையாக்கினார்கள். வெளியே அத்தனை கைகள் காத்திருந்தும், கழுவி முடிக்கிறவரை ஒருவரும் கிட்டே வரவில்லை. டாக்டரே மாட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"மிஸ் இன்ஷிராஹ்," டாக்டர் தலையைத் தூக்காமல் கேட்டார், "அந்தத் துணிய என்ன செய்வீங்க?"

"கொதிக்கவச்சுச் சுத்தம் பண்ணி, தேய்ச்சு மடிச்சு உங்ககிட்டயே தரேன்."

"கொதிச்சா அதுல இருக்கற அருள், பரக்கத் போயிடாதே?"

"பரக்கத் கிருமியா டாக்டர், கொதிச்சா சாகறதுக்கு? நல்லாத் தேய்ங்க. கட்டைவிரல விட்டுட்டீங்க."

அடுத்த வாரம் எல்லாக் கட்டிலிலும் சோதனை எடுத்தார்கள். முடிவு வந்த காலையில் இன்ஷிராஹ் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதுவிட்டு ஹாஜியின் அறைக்குப் போனாள். பக்கத்துக் கட்டில் பெண்ணின் மூச்சுக் கருவியை எடுத்தாயிற்று, அவளுக்குத் தொற்று ஒன்றும் இல்லை, டாக்டருக்கும் இல்லை, யாருக்குமே இல்லை என்று சொன்னாள்.

ஹாஜி நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். அப்போ அன்னிக்கு நான் குடுத்தது எம் பொண்ண மட்டும்தான்."