கராஜுக்குள் ஒரு போத்தல்

என் மனைவி சிவாஜினி இறந்த மறுநாள் காலை, என் தங்கச்சி யோகா கறுப்புக் குப்பைப் பைகளோடு எங்கள் டூங்கபி வீட்டுக்கு வந்தாள். கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே குசினிக்குள் போனாள். சாவு விழுந்த வீட்டில் அன்றைக்குச் சமைத்திருந்த சாப்பாடு எதுவும் மிஞ்சக்கூடாது, மிஞ்சினால் போனவர் அதைத் தேடித் திரும்பி வருவார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். யோகா இந்த விஷயங்களில் ஒரு பொலிஸ்காரி. பருப்பு, சொதி, நான் பாதி தின்று வைத்த புட்டு எல்லாம் பைக்குள் போயின.

பிறகு கராஜுக்குள் இருந்த பழைய ஃபிரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டில் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தல். அதில் கால்வாசிக்குச் சிவப்பாக ஏதோ கிடந்தது.

“அண்ணை, உது என்ன?”

“ஊறுகாய்,” என்றேன்.

“உது அண்ணி செய்யிற கொரியன் கோவா எல்லோ?”

“கோவாவிலை போட்ட ஊறுகாய். அடுப்பிலை வைக்கேல்லை. சமைக்காத சாமானுக்கு என்ன செத்தவீட்டுத் துடக்கு?”

யோகா போத்தலைத் தூக்கிப் பார்த்து, திரும்ப வைத்தாள். ஊறுகாயை யாரும் எறிவதில்லை, அது அவளுக்கும் தெரியும். ஃபிரிட்ஜைச் சாத்திவிட்டுப் போனாள். நாலு வருடமாக அந்தப் போத்தலை ஏசித் தீர்த்தவன் அன்றுதான் முதல்முறையாக அதற்காக வழக்காடினேன்.

அதன் பெயர் கிம்ச்சி. கோவா, அதாவது முட்டைக்கோஸ், இலைகளில் உப்பும் மிளகாய்த்தூளும் உள்ளியும் இஞ்சியும் பூசிப் புளிக்கவைப்பது. எங்கள் ஒரே மகள் மயூரா கலியாணம் கட்டி பென்ரித்துக்குப் போனபிறகு, சிவாஜினி கொரிய நாடகங்கள் பார்க்கத் தொடங்கினாள். நாடகத்தில் ஆட்கள் அழுதாலும் சாப்பிடுவார்கள், சண்டை பிடித்தாலும் சாப்பிடுவார்கள். பார்த்துப் பார்த்து இவளுக்கும் ஆசை வந்துவிட்டது. ரெயில் மாறி ஈஸ்ட்வூட்டுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொரியாவில் வாழ்க்கைப்பட்டவள் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் நக்கலடிப்பேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்த மணம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான் சட்டம் போட்டபோதுமட்டும் சிரிக்கவில்லை. ஒரு சின்ன காஸ் அடுப்பையும் பிளாஸ்ரிக் கதிரையையும் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டாள்.

மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், கராஜிலிருந்து கூப்பிட்டாள்.

“இஞ்சருங்கோ, ஒருக்கா வந்து சாப்பிட்டுப் பாருங்கோவன். இண்டைக்கு நல்லா வந்திருக்கு.”

“உந்த நாத்தத்துக்கை நீயே இரு. எனக்குப் புட்டு இருக்கு.”

அதுதான் நான் அவளோடு கடைசியாகப் பேசியது. ரீவியில் கிரிக்கெட் முடிந்து போய்ப் பார்த்தபோது, கதிரையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். மாரடைப்பு. பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் தப்பியிருப்பாளா என்று டொக்டரைக் கேட்டேன். சொல்லமுடியாது என்றார். தப்பியிருக்கமாட்டாள் என்று ஒரு பொய் சொல்லியிருந்தாலும் அவருக்குக் கோடி புண்ணியம் கிடைத்திருக்கும்.

எட்டாம் நாள் சடங்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். முதல் சனிக்கிழமை, பன்னிரண்டரை மணிபோல, கராஜுக்குள் ‘டிக்’ என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். போய்ப் பார்த்தேன். ஃபிரிட்ஜுக்குள் போத்தல் மூடி குடைபோல மேலே வீங்கியிருந்தது. திருகினேன். ஸ்ஸ் என்று நீளமாகக் காற்று வந்தது. சிவாஜினி கூப்பிட்டும் நான் போகாதபோது அவள் மூச்சுவிடுவது அப்படித்தான். மூடியைக் கீழே விட்டேன்.

மயூராவிடம் போனில் சொன்னேன். “அது ஃபெர்மென்ட் ஆகுது அப்பா, காஸ் வரும். இட்ஸ் அலைவ்,” என்றாள். உயிரோடு இருக்கிறது என்று மகள் வாயாலேயே சொல்லிவிட்டாள். அதற்குமேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து சிவாஜினி வீட்டில் இருந்தாள். இதை நான் யாருக்கும் நிரூபிக்கப்போவதில்லை. கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கிம்ச்சி மணம் நடைபாதையால் வந்து, நான் ரீவி பார்க்கும் இடத்தில் நின்றது. சுவரைப் பார்த்து நான் திருப்பிவைத்த பிளாஸ்ரிக் கதிரை, சில நாட்களில் வீட்டுக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வராமல் விட்டுவிடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கராஜ் தட்டில் அவளுடைய கொப்பி கிடைத்தது. ‘லேசான கொரியச் சமையல், முதன்முதல் சமைப்பவர்களுக்கு’ என்று மட்டையில் எழுதியிருந்தாள். கோயிலில் அவளோடு பூக்கட்டும் பெண்கள் கேட்டார்களாம். உள்ளே ஐந்தாறு சாப்பாடுகள். வெள்ளரிக்காய்ச் சம்பல், அவித்த முளைப்பயறு, முட்டைச் சுருள், கிம்ச்சிச் சோறு. முட்டையைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டவும், அவசரப்படவேண்டாம். சோறு நேற்றையதாக இருக்கவேண்டும், சுடுசோறு குழையும். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ‘இரண்டு பேருக்கு’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள்.

நாலு வருடமாக அந்தக் கராஜில் சாப்பிட்டது ஒருத்தி. மற்றப் பங்கு எனக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பங்கையும் சமைத்து, கொஞ்ச நேரம் கதவைப் பார்த்திருந்துவிட்டு, அடுத்த நாள் அதையும் தானே சாப்பிட்டிருக்கிறாள். கொப்பியை மூடிவைத்துவிட்டு நிலத்தில் இருந்து அழுதேன். அறுபத்தேழு வயதில் நிலத்தில் இருந்தால் எழும்புவது சுலபமில்லை, ஆகவே கனநேரம் அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை நானே சமைத்தேன். தேத்தண்ணிகூடப் போடத் தெரியாத ஆள் நான். வெங்காயம் கருகியது. வறுத்த எள்ளில் பிழிந்த கொரிய எண்ணெயைக் கடைசியில் ஒரு தேக்கரண்டி விடச் சொல்லியிருந்தாள். நான் எங்கள் நல்லெண்ணெயைத் தொடக்கத்திலேயே தாராளமாக ஊற்றினேன். சோறு, எண்ணெய் வைத்து முழுகின தலைபோல மணந்தது. இரண்டு தட்டில் போட்டு, அவள் கதிரைக்கு எதிரே இன்னொன்றைப் போட்டு இருந்து சாப்பிட்டேன். உறைப்பும் புளிப்பும் மூக்கில் ஏறின. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னை நானே ஏசினேன். ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

பிறகு ஒவ்வொரு சனியும் அப்படித்தான். ஒரு கோப்பை கிம்ச்சி எடுப்பேன், சமைப்பேன், இரண்டு தட்டு வைப்பேன். மூன்றாம் மாதம் முட்டைச் சுருள் உடையாமல் வந்தது. அன்று அவளுக்குக் காட்டுவதற்காகத் தட்டைக் கதிரைப் பக்கம் திருப்பிவைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். கால்வாசி இருந்த போத்தல் எப்போதோ முடிந்திருக்கவேண்டும். எத்தனை கோப்பை எடுத்துவிட்டேன்! அது முடியவில்லை. ஜூலையில் பார்த்தேன், அதே மட்டம். ஓகஸ்டில் பேனையால் கோடு போட்டேன், அடுத்த சனி கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

மயிர்க்கூச்செறிந்தது. அவள் போட்டுவைக்கிறாள். நான் சாப்பிட வருகிறேன் என்று தெரிந்து, எங்கிருந்தோ போட்டுவைக்கிறாள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும், நான் சந்தோஷமாக ஏறினேன். வாரத்தில் ஒருநாள் வந்து வீடு கூட்டிவிட்டுப் போகும் மயூரா, தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்டாள். மறுத்துவிட்டேன். யோகா கோயிலுக்கு வரச் சொன்னாள், சனியென்றால் ஏலாது என்றேன். அந்தப் போத்தல் முடியாதவரை அவள் என்னை விட்டுப் போகவில்லை. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

புதன்கிழமைகளில் முதியோர் சங்கத்துக்குப் போவேன். ஒக்டோபரில் ஒரு புதன், மண்டபத்தில் கரண்ட் இல்லை என்று எங்களைப் பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால், கராஜ் கதவு ஓரடி திறந்திருக்கிறது. உள்ளே சாமான் நகரும் சத்தம். பக்கக் கதவால் எட்டிப் பார்த்தேன்.

அரை இருட்டில், பிளாஸ்ரிக் கதிரையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் இருந்தாள். சிவாஜினி கராஜில் எப்போதும் போடும் அதே மண்ணிறக் கம்பளிச் சட்டை. அதே சரிந்த கொண்டை. மடியில் போத்தல். எனக்கு ஓடத் தோன்றவில்லை. ஏழு மாதமாக ஒத்திகை பார்த்த சொல் தானாக வாயில் வந்தது.

“சிவா, நான் வந்திட்டன். இரு, ரெண்டு பேரும் சாப்பிடுவம்.”

அவள் திரும்பினாள். மயூரா. தாயின் சட்டையைப் போட்டிருந்தாள். கையில், வெட்டித் திறந்த கடைக் கிம்ச்சிப் பையொன்று, சிவப்புத் தண்ணீர் சொட்டச்சொட்ட.

“அப்பா,” என்றாள். “நீங்கள் இப்ப வருவியள் எண்டு…”

“என்ன செய்யிறாய்?”

“நிரப்பிவிடுறன். ஒவ்வொரு புதனும் வந்து, வீடு கூட்டிப்போட்டு, இதையும் நிரப்பிப்போட்டுப் போறனான். கடைசில கலந்தும் விடுவன், உங்களுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது எண்டு.”

“எப்ப துவக்கம்?”

“மேயில. அம்மாவின்ரது அப்பவே முடிஞ்சுபோச்சு. முடிஞ்சது தெரிஞ்சா நீங்கள் சமைக்கிறதை விட்டிடுவியள், சாப்பிடுறதையும் விட்டிடுவியள் எண்டு பயந்தனான். சொரி அப்பா.”

கதிரையும் அவள் வேலைதான் என்று விளங்கியது. ஆத்திரம் வந்தது. கத்த வாய் திறந்தேன், மகள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். மற்றக் கதிரையில் இருந்தேன்.

“கடைச் சாமானும் கொம்மாவின்ரயும் ஒரே மாதிரியோ?” என்று கேட்டேன்.

“சீச்சீ. அம்மா மாசிக் கருவாடு இடிச்சுப் போடுவா. கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் விடுவா. வாயில வச்ச உடனே தெரியும். யார் சாப்பிட்டாலும் தெரியும்.”

யார் சாப்பிட்டாலும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. மே மாதம் ஒரு சனிக்கிழமை சிவாஜினியின் கை என் தட்டைவிட்டுப் போயிருக்கிறது, நான் அதே கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டு, எதிர்க் கதிரையோடு கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். மார்ச்சில் அவள் போனது சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் தடவை போனது வாய்க்குள் நடந்தும் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்திய ஆளுக்கு, அவள் ஆசைப்பட்டுச் செய்த ஒன்றின் ருசி இன்னதென்று தெரியாது. தொடக்கத்தில் சில வாரம் தின்றது அவளுடையதுதான். அப்போது உறைப்பு மட்டும்தான் தெரிந்தது.

எழும்பி ஒரு பெரிய சட்டியை எடுத்தேன். போத்தலைக் கவிழ்த்தேன். நீட்டுக் கரண்டியால் எல்லாவற்றையும் வழித்தேன். மயூரா என்ன ஏது என்று கேட்கவில்லை, கைவிளக்கைப் பிடித்தாள். கடைக் கோவா முழுக்க ஒரே அளவாக வெட்டிய வெளிர் சிவப்பு. சிவாஜினி போட்டது ஒன்றாவது மிஞ்சியிருக்குமா என்று ஒவ்வொரு துண்டாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. போத்தலை வெளிச்சத்தில் தூக்கினேன். அடிவளைவில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, கறுத்துச் சுருங்கிய ஒரு தண்டு. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே தூள்தூளாக ஏதோ ஒட்டியிருந்தது.

கத்தி நுனியால் சுரண்டி எடுத்துத் தட்டில் வைத்தேன். வாய்க்குக் கொண்டுபோனேன். பிறகு நிறுத்தினேன். மாதக்கணக்காக ஏமாந்தவன், இன்னொரு தடவை ஏமாற எனக்குத் தெம்பில்லை. இது அவளுடையதா என்று என் நாக்குக்குச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்த ஆள் பக்கத்தில் நின்றாள்.

“பிள்ளை, நீ சொல்லு. இது கொம்மாவின்ரயோ?”

மயூரா அதை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மென்றுகொண்டிருக்கும்போதே கண்ணால் தண்ணீர் வடிந்தது. விழுங்கினாள்.

“ஓம் அப்பா,” என்றாள். “இதுதான். இது அம்மாதான்.”

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். அவள் வாயில் மாசி மணந்தது. அவளுடைய தோளுக்கு மேலால் நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அதில் வேறு துண்டு இல்லை.