சட்டைப் பையில் கிடந்த ஸ்பிரிங்

பழைய கியர்பாக்ஸைக் கழற்றித் தரையில் இறக்கிவிட்டு, என் கணவர் ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை நீட்டிய நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. மலைமேல் பம்ப் ஹவுஸில் அப்பாவோடு வேலை பார்க்கும் வாட்ச்மேன். அப்பா ஏணியிலிருந்து விழுந்துவிட்டாராம். தொடை எலும்பு முறிந்து, பாதம் சில்லிட்டு நீலம் பாரித்துக் கிடக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "இருட்டறதுக்குள்ள கொண்டு வந்துடுங்க. இல்லேன்னா காலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார்கள். ஆம்புலன்ஸ் ஓடைக்கு இந்தப் பக்கம் வரைதான் வரும். ஓடையைத் தாண்டக்கூடிய ஒரே வண்டி எங்கள் ஜீப். அது குடலை உருவிய கோழி மாதிரி ஸ்டாண்டு மேல் நின்றது.

"எங்கப்பா கால் போச்சுன்னா உங்கள சும்மா விடமாட்டேன்" என்று கத்தினேன். அநியாயமான பேச்சுதான். செகண்ட் கியர் துள்ளுகிறது, மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று அவர் பிராணனை வாங்கியதே நான்தானே!

அப்பாவுக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் கல்யாணத்துக்கே அப்பா வரவில்லை. "அந்தக் கிரீஸ் பய தொட்ட வண்டியில என் பொணம்கூட ஏறாது" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்ன மனிதர். இப்போது அந்த மனிதரின் காலுக்காக இவர், பழைய இரும்புக் கடையில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கியர்பாக்ஸை முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. அழ நேரமில்லை.

மேல் மூடியைத் திறந்து பல்லெல்லாம் பார்த்தார். "ஒண்ணும் தேயல. நல்ல பாக்ஸ்தான்." மூடிக்கு அடியில் இருந்த ஒரு சின்ன ஸ்பிரிங்கையும் இரும்புக் குண்டையும் என் கையில் கொடுத்தார். கியரைப் போட்ட இடத்தில் பிடித்து வைப்பவை அவை. உருண்டு தொலையாமல் இருக்கட்டும் என்று, நான் மேலே மாட்டியிருந்த அவருடைய பழைய சட்டையின் பையில் போட்டுக்கொண்டேன். அவர் ஜாக்கை இழுத்து வருவதற்குள் மூடியை நானே பூட்டியும் விட்டேன். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே.

கியர்பாக்ஸை ஜாக்கில் ஏற்றி இன்ஜினோடு சேர்த்துத் தள்ளினோம். போனது, போனது, கடைசியில் ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. குலுக்கினார், ஆட்டினார், கெட்ட வார்த்தை சொன்னார். ஊஹூம். ஷெட் கதவு வழியே பார்த்தேன். மலை உச்சி மேகத்துக்குள் போயிருந்தது. மேலே மழை பிடித்தால் ஓடை ஏறிவிடும்.

சட்டென்று ஸ்பேனரை எடுத்தார். நீளமான போல்ட்டுகளை மாட்டி இறுக்கியே உள்ளே இழுத்துவிடப் பார்க்கிறார். அப்படிச் செய்கிறவன் மெக்கானிக்கே இல்லை, கசாப்புக்காரன் என்று ஊரெல்லாம் திட்டுகிறவர் இவர்தான்.

"வேணாங்க! போல்ட் மாட்டுற காது ஒடஞ்சா எல்லாம் முடிஞ்சுது!"

"நேரமில்லடீ!"

"நேரமில்லன்னுதான் நானும் சொல்றேன்! வெளிய எடுங்க!"

முறைத்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் இழுத்தார். நான் தரையில் கிடந்த பழைய பாக்ஸையும் இதையும் மாறி மாறிப் பார்த்தேன். பழையதின் தண்டு முனை ஒல்லி. இதன் முனை தடிமன். அழுக்கை நகத்தால் சுரண்டினால், உள்ளே பித்தளை மின்னியது. யாரோ ஒருவனுடைய இன்ஜினிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த புஷ், தண்டு முனை போய் உட்காரும் பித்தளை வளையம், அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அட சனியனே" என்றார். "நம்ம இன்ஜின்ல ஏற்கெனவே ஒரு புஷ் உக்காந்திருக்கு. அது மேல இது போய் முட்டினா எப்படிப் போகும்?" தட்டிக் கழற்றி எறிந்தார். அடுத்த தள்ளலில் பாக்ஸ் 'சளக்'கென்று போய் உட்கார்ந்தது. அந்த மனுஷனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

அந்தப் பாதை எனக்குத்தான் பழக்கம், அதனால் நான் ஓட்டினேன், அவர் பக்கத்து சீட்டில். ஓடையில் தண்ணீர் அச்சு வரை வந்திருந்தது. ஃபர்ஸ்ட் கியரில் இறக்கினேன். பாதி ஓடையில் லிவர் 'டக்'கென்று வெளியே துள்ளியது. வண்டி நின்றது. இன்ஜின் மட்டும் சும்மா அலறியது.

"கிளட்ச்ச மிதி!" என்று லிவரைப் பிடித்து உள்ளே தள்ளி, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. "நல்ல பாக்ஸாச்சே, ஏன் துள்ளுது?"

அக்கரையில் ஏறிக் குலுங்கியபோது என் சட்டைப் பைக்குள் என்னவோ கிலுங்கியது.

அந்த ஸ்பிரிங்கும் குண்டும்! சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "வீட்டுக்கு வா, ஒனக்குத் தனியா பூசை இருக்கு" என்றார். லிவரை மட்டும் விடவில்லை.

அப்பா ஒரு பலகை மேல் கிடந்தார். இவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இவர் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார். வாட்ச்மேனும் இவரும் தூக்கினார்கள். "மெல்லத் தூக்குப்பா" என்று அப்பா வாட்ச்மேனிடம் மட்டும் சொன்னார். வலியிலும் அந்த வீம்பு!

தரைத்தகட்டைப் பிரித்து ஸ்பிரிங்கைப் போட நேரமில்லை. மழை கொட்டத் தொடங்கிவிட்டது. அப்பாவைப் பின்னால் படுக்க வைத்தோம். தலை எங்கள் சீட்டுகளுக்கு நடுவே இருந்தது. வாட்ச்மேன் கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்தால் ஓடை செம்மண் நிறத்தில் புரண்டது. இறங்கியதுமே தண்ணீர் கதவுக்குள் வந்தது. லிவர் அடங்காத மாடாக உதைத்தது. இவர் இரண்டு கையாலும் அமுக்கினார், கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னும் எவ்ளோ தூரம்?" என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. கை மரத்துப் போய் நழுவுவதைப் பார்த்தேன். நின்றால் வண்டியை ஓடை இழுத்துக்கொண்டு போய்விடும்.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. இவர் கைமேல் விழுந்து, லிவரைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தது. அப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"விட்டுடாதீங்க மாப்ள" என்றார்.

"இல்ல மாமா, விடல."

எனக்குக் கண் மறைத்தது. துடைக்கக் கையில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்கவில்லை.

கரையில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. அதிலிருந்து இறங்கிய நர்ஸ் அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காப்பாத்திடலாம். சீக்கிரம் இறக்குங்க" என்றார். நான் இன்ஜினை அணைத்துத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் இன்னும் லிவரை அமுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"வண்டி நின்னுடுச்சுப்பா" என்றேன். "கைய எடுங்க."