படத்துக்கு வெளிச்சம் போதவில்லை

ஜன்னல்களுக்குக் கறுப்புச் சார்ட் ஒட்டி முடிக்கும்போதே டீச்சருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து, உள்ளே இரண்டு டார்ச்சை எரியவிட்டு, மேலே சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கண்ணாடிக் காகிதங்களைப் பரப்பினாள். பிள்ளைகள் "ஹை!" என்று சுற்றி உட்கார்ந்தார்கள். கதவோரம் சைரன் மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

மூன்று வயதுப் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தது ஆயா. இந்த மழலையர் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அழுத வாயை மூடவில்லை. மற்ற பெற்றோர் முணுமுணுக்கத் தொடங்கியதும் பெரிய டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கும் அழுதான்னா சாயங்காலம் அவங்கம்மாகிட்ட சொல்லிடுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." சொல்ல வேண்டியது டீச்சர்தான். அந்த அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேறு இடம் கிடையாது. இங்கே வேண்டாமென்றால் வேலைக்கு முழுக்குப் போடவேண்டியதுதான். இதை நினைத்து நினைத்தே டீச்சருக்குத் தூக்கம் போயிருந்தது. யாராவது தன்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு மூலையில் படுக்கவைத்தால் தேவலை என்றிருந்தது.

அழுகை நின்றதை அவள் முதலில் கவனிக்கவே இல்லை. திரும்பினால், சைரன் தொட்டியருகே குந்தியிருந்தாள். மஞ்சள்மேல் நீலத்தை இழுத்தாள், பச்சை வந்தது. விலக்கினாள், போய்விட்டது. மறுபடி இழுத்தாள். ஒழுகும் மூக்கைக்கூடத் துடைக்கவில்லை. "எங்க போச்சு?" என்றாள். இந்த வகுப்பில் அவள் பேசிய முதல் பேச்சு. டீச்சருக்கு மூச்சுவிடவும் பயமாக இருந்தது.

அப்போதுதான் பெரிய டீச்சர் போனோடு உள்ளே வந்தார். பெற்றோர் குரூப்பில் போடப் படம் வேண்டுமாம். ஒன்று எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார். "ஒரே கும்மிருட்டா இருக்கே, ஒரு மூஞ்சியும் தெரியல." டீச்சர் "வேணாம் மேடம்" என்று எழுவதற்குள் டியூப்லைட் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது. தொட்டி வெறும் தொட்டியானது. சைரன் காகிதத்தைப் புரட்டினாள், தொட்டியைத் தட்டினாள். பிறகு ஊதினாள் பாருங்கள், தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல."

அவர் போனதும் டீச்சர் விளக்கை அணைத்துப் பார்த்தாள். பிள்ளையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

சாயங்காலம் அந்த அம்மா வேர்க்க விறுவிறுக்க வந்து வாசலில் நின்றாள். பெரிய டீச்சரும் பக்கத்திலேயே இருந்தார்.

"இன்னிக்கும் அழுதாளா டீச்சர்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

"அழுதா. அவளா அழலைம்மா. நல்லா விளையாடிட்டிருந்த புள்ளைய நாங்கதான் அழவெச்சோம்."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப நாளைக்குக் கூட்டிட்டு வரலாமா?"

"வாங்க" என்றாள் டீச்சர், பெரிய டீச்சர் பக்கம் திரும்பாமலே.

பெரிய டீச்சர் தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான். அந்த அம்மா பிள்ளையை வாரி இடுப்பில் ஏற்றி, அதன் செருப்பைக்கூடப் போட்டுவிடாமல் கையில் எடுத்துக்கொண்டு, யாரும் பின்னாலிருந்து கூப்பிடுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.