அண்ணன் வேனின் பின் அச்சு

பட்டறை மேசையில் கிடந்த அச்சுத் தண்டு, பிழிந்துபோட்ட துணியைப் போல முறுக்கிக்கொண்டிருந்தது. அவன் தன் பழைய காருக்குப் பெரிய என்ஜின் வைத்து, முதல்முறை ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்ததற்கே இந்தக் கதி. சாலையில் போகும்போது உடைந்திருந்தால் சக்கரம் தனியாகக் கழன்று ஓடியிருக்கும். பட்டறையில் இரும்பு கடையும் கடைசல்காரர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“யானைக்கு எலிக்காலை மாட்டியிருக்கே,” என்றார். “இந்த என்ஜினுக்குப் பாரம் இழுக்குற வண்டியோட அச்சுதான் தாங்கும். அகலம் கூட இருந்தா வெட்டி ஒட்டித் தரேன். வேகத்துக்குத் தகுந்த பல்லுச் சக்கரமும் மாத்திக்கலாம். ஆனா அச்சை மூடியிருக்குற ஓடு கெட்டியா இருக்கணும்.” பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல், “உங்கண்ணன் வேன்ல இருக்கே, அந்த மாதிரி,” என்றார்.

அந்த மாதிரி ஒன்றைத் தேடி அவன் பழைய இரும்புக் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்தான். கிடைத்ததெல்லாம் விரிசல் விட்டவை, வெள்ளத்தில் கிடந்து துருவேறியவை. கடைசியில், காரின் பழைய அச்சைவிடக் கொஞ்சம் தடித்த ஒன்றைத் தூக்கி வந்தான். மெதுவாக மிதித்தால் தாங்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். மெதுவாக ஓட்டுவதற்கு எதற்கு அவ்வளவு பெரிய என்ஜின் என்று மனசு குடைந்தது.

அண்ணன் வேன் வீட்டுக்குப் பின்னால், சுவரோரம் நின்றது. சரக்கு இறக்கிவிட்டு வந்து, அங்கே நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவர்தான், பிறகு எழவில்லை. அசந்து தூங்குகிறார் என்று நினைத்து அண்ணி வேன் ஜன்னல் வழியாக இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறாள். அதன் பிறகு எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டும் அவள் கொடுக்கவில்லை. அவ்வப்போது வெளிக் கண்ணாடியைத் துடைப்பாள், கதவைத் திறந்ததில்லை.

விஷயம் கடைசல்காரர் மனைவி மூலமாக அண்ணி காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் அவளே கார் ஷெட்டுக்கு வந்து நின்றாள். முறுக்கிய தண்டையும், அவன் வாங்கி வந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது தாங்குமா?”

“தாங்கும் அண்ணி.”

“என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க தம்பி.”

அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தான். அண்ணன் போன பிறகு வீட்டில் உட்கார முடியாமல்தான் இந்த ஷெட்டுக்குள் புகுந்தான். இரும்போடு மல்லுக்கட்டும்போது மட்டும் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

“என்கிட்ட எப்பத்தான் கேக்கிறதா இருந்தீங்க?”

“கேக்கவே வேண்டாம்னு இருந்தேன்.”

“கழட்டிக்குங்க,” என்றாள் அண்ணி. “பெரிய மனசு பண்ணிக் கொடுக்கிறதா நினைச்சுக்காதீங்க. இன்னொருத்தரை ஜன்னல் வழியா கூப்பிட எனக்குத் தெம்பில்லை.”

அன்று மதியமே வேனின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து அடியில் படுத்தான். என்ஜினிலிருந்து வரும் நீளத் தண்டை முதலில் அச்சிலிருந்து பிரிக்க வேண்டும். ஸ்பானரை அழுத்தினால் போல்ட் இளகாமல் சக்கரமே சுற்றியது. கைப்பிரேக்கின் கம்பி துருப்பிடித்து, பிரேக் பிடிக்காமல் போயிருந்தது.

“யாராவது உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கணும் அண்ணி. பக்கத்து வீட்ல யாரையாச்சும்…”

வேனின் முன் கதவு கிரீச்சென்று திறந்தது. வண்டி லேசாக அமுங்கியது. சீட் அண்ணனின் நீளக் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. அவளுக்குக் கால் எட்டியிருக்காது. நகர்த்தும் சத்தம் கேட்கவில்லை. நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சக்கரம் இறுகிப் பிடித்து நின்றது.

அவன் மூச்சைப் பிடித்து ஸ்பானரைத் தள்ளினான். கடைசி போல்ட்டும் முனகிக்கொண்டே இளகியது.

“போதும் அண்ணி. காலை எடுத்துடலாம்.”

அவன் கை நீட்டிச் சக்கரத்தை அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. அண்ணியின் கால் இன்னும் பிரேக்கிலேயே இருந்தது. ஸ்பானரை மார்மேல் வைத்துக்கொண்டு, வண்டிக்கடியில் அப்படியே படுத்திருந்தான்.