அக்மீம் கிடங்கில் உடைந்த எலும்புகள்

எகிப்தில், அக்மீம் ஊருக்கு வெளியே, பாலைவன ஓரத்து அகழ்வுப் பொருள் கிடங்கில், எலும்பு ஆய்வாளர் இன்ஷிராஹ் மேசைமேல் கிடந்த மம்மியின் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரும்புக் கதவு சாய்ந்து விழுந்தது. கெய்ரோவில் கலவரம் வெடித்ததிலிருந்து காவல் நிலையத்தில் ஆளில்லை. கொள்ளைக்காரர்கள் வருவார்கள் என்று கிடங்குக் காவலாளி கத்தாஸ் பயந்தது நடந்துவிட்டது.

கோடரியோடு முதலில் நுழைந்தவன் ஹம்தான். ஒரு காலத்தில் இதே இடத்தில் அகழ்வுக் கூலியாக இருந்தவன். பின்னால் இன்னும் மூன்று பேர்.

"தங்கம் எங்க, டாக்டரம்மா?"

"தங்கம் கிடையாது ஹம்தான். இந்தப் படத்தைப் பாரு. நெஞ்சுக்குள்ள தெரியுற வண்டுத் தாயத்து வெறும் சுட்ட களிமண்ணு. இங்க தோண்டின உனக்குத் தெரியாதா?"

"தோண்டுற வரைக்கும்தானே நாங்க. சவப்பெட்டி மூடியத் திறக்கிறப்ப வெளிய போடான்னுவீங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் மம்மியை மறைத்து மேசையின் மேல் குறுக்கே விழுந்தாள். அவன் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். பல் உடைந்து வாய் நிறைய ரத்தம். தடியை ஓங்கி வந்த கத்தாஸின் காதில் கோடரிப் பிடி இறங்கியது.

அடுத்த வெட்டு மம்மியின் வயிற்றில். துணி கிழிந்தது, இறுகிப்போன கறுப்புப் பிசின் கண்ணாடிபோலச் சிதறியது. விலா எலும்புகள் சுள்ளியாக முறிந்தன. ஹம்தான் கையை விட்டுத் துழாவி வண்டை எடுத்துக் கடித்தான். அது மண்ணாக உதிர்ந்தது.

"எங்கடா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கத்தாஸின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான்.

கீழே கிடந்த கல்லை எடுத்து இன்ஷிராஹ் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது.

அலறல் கேட்டு வயலிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். மற்ற மூவரும் தப்பிவிட்டார்கள். ஹம்தானை மட்டும் வெளியே இழுத்துப்போட்டு மண்வெட்டியால் அடித்தார்கள். இன்ஷிராஹ் வாசலில் நின்று பார்த்தாள். அடிபடட்டும் என்றிருந்தது அவளுக்கு.

"நிறுத்தச் சொல்லுங்க டாக்டரம்மா," என்று தவழ்ந்து வந்தார் கத்தாஸ். "நீங்க சொன்னா கேப்பாங்க."

அவள் தள்ளாடிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஹம்தானின் மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் மாவட்டத் தலைமையகத்திலிருந்து விசாரணைக்குப் போலீஸ் அதிகாரி வந்தார். வயல்காரர்களில் மூத்தவரான அவாத் முந்திக்கொண்டார்.

"சுவரேறித் தப்பிக்கப் பாத்தான். விழுந்துட்டான். இல்லையா டாக்டரம்மா?"

இன்ஷிராஹ் வீங்கிய உதட்டைத் துடைத்தாள். செத்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று எலும்பைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை.

"விழுந்து உடைஞ்ச மண்டை அப்படி இருக்காது. அது மண்வெட்டி அடி. கை மட்டும் நான் உடைச்சது."

"உங்களக் காப்பாத்தத்தானேம்மா வந்தோம்?" என்றார் அவாத்.

"தெரியும். நீங்க வரலேன்னா நாங்க ரெண்டு பேரும் இல்ல. அதையும் எழுதிக்குங்க, சார். நான் தடுத்திருக்கலாம். தடுக்கல. அதையும் எழுதிக்குங்க."

அவாத்தையும், அடித்தவர்களில் ஒருவனான அவர் மகனையும் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். ஊர்ப் பெண்கள் அவள் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினார்கள். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. உள்ளே, காதில் கட்டோடு கத்தாஸ் தரையில் குந்தி, சிதறிய விலா எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவளும் எதிரில் உட்கார்ந்து பொறுக்கினாள்.